இமயப் பனியும் அதனை முன்னறிந்த வரலாறும்

இமயம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்த செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. நம் சிறுவரும் அதனை அறிவர். ஆயினும் அம்மலையின்மீது விழும் பனியைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே. நம் ஊரில் பனி என்பது மார்கழி விடியலில் புல் நுனியில் முத்துப்போல் நின்று, வெயில் ஏறினால் மறைந்துபோவது. காஷ்மீரத்திலோ அது வீட்டுக் கூரையை மூடுவது; பாதையை அடைப்பது; மாதக் கணக்கில் மலைமேல் கிடந்து, வேனிலில் உருகி ஆறாய் ஓடுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம் வழங்கிவருகின்றோம். மயக்கம் நேராதிருக்கும் பொருட்டு, வானினின்று பஞ்சுபோல் விழுந்து நிலத்தில் படியும் அதனை இக்கட்டுரையில் வெண்பனி என்றே குறிப்பிடுவோம்.

ஆண்டுதோறும் குளிர்காலம் வந்தால், "குல்மார்க்கில் வெண்பனி பெய்தது", "இன்னும் இரண்டு நாளில் பெய்யக்கூடும்" என்பன போன்ற செய்திகள் நாளேடுகளில் வெளிவருகின்றன. வடநாட்டில் பணியின் பொருட்டுக் குடியேறியிருக்கும் நம்மவருள் பலர் இவற்றைக் கண்டும் காணாமலும் பக்கத்தைப் புரட்டிவிடுவர். பொருள் படைத்தோர் பனிச்சறுக்கு விளையாடப் போகின்றனர். நமக்கு அதனால் ஆவதென்ன என்பது அவர்தம் எண்ணம். ஆனால் அச்சிறு செய்தியின் பின்னே ஒன்றரை நூற்றாண்டு வரலாறு நிற்கின்றது. இந்நாட்டு ஆட்சியாளர் இமயத்தின் வெண்பனியை அளந்து வருங்காலத்தை அறிய முற்பட்டமைக்கு முதற் காரணம் விளையாட்டன்று. நம் தென்னாட்டைச் சூறையாடிய ஒரு பஞ்சமே ஆகும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

காஷ்மீரத்தார் கண்ட பனி

காஷ்மீர மக்கள் வெண்பனியை அச்சத்தோடும் அன்போடும் ஒருங்கே போற்றி வந்தவர்கள். அந்நாட்டின் பழைய நூலாகிய நீலமத புராணம், ஆண்டின் முதல் வெண்பனி விழும் நாளையே ஒரு விழாவாகக் கொண்டாட வேண்டும் என விதிக்கின்றது. இன்றும் முதற் பனி பெய்தால் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் வழக்கம் அங்கு உண்டு. குளிர்காலத்தை அவர்கள் மூன்றாகப் பகுத்துள்ளனர். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களுக்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அஃது பெருங்குளிர்க் காலம். அதன்பின் வரும் இருபது நாட்கள் 'சில்லை குர்த்'. இறுதிப் பத்து நாட்கள் 'சில்லை பச்சா'. முதல் நாற்பது நாட்களில் விழும் பனியே குளிரால் இறுகி, மலைமேல் நெடுங்காலம் நிலைக்கும். பின்னர் விழுவது விரைவில் உருகிவிடும். கருவி ஏதுமின்றித் தலைமுறை தலைமுறையாகக் கண்டு தெளிந்த கணக்கு இது.

அப்பனியே காலந்தவறி விழுந்தால் நேரும் கேட்டினையும் அவர்கள் அறிந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்ஹணர் இயற்றிய இராஜதரங்கிணி, துஞ்சீனன் என்னும் மன்னன் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றது. புரட்டாசிக்கு முற்பட்ட பாத்திரபத மாதத்தில், நெற்பயிர் விளைந்து முற்றும் வேளையில், பெரும்பனி பெய்து வயல்களை மூடிவிட்டதாம். பயிர் அழிந்தது, கொடும் பஞ்சம் தோன்றிற்று. வெண்பனிக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு அம்மலைநாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இக்கதையே சான்றாகும். ஆனால் மலைமேல் விழும் பனிக்கும், அதற்கு ஈராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே உள்ள நம் வயல்களுக்கும் உறவு உண்டோ என்னும் ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் எழுந்தது.

தாது வருஷப் பஞ்சம் எழுப்பிய வினா

1876-ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. அதுமுதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் வாட்டிய பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடுவர். நம் பாட்டன் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நடுங்கிச் சொல்லக் கேட்டது இதுவே. தமிழ் மக்கள் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்கும் பிற தீவுகளுக்கும் சென்றதற்கு இப்பஞ்சமும் ஒரு காரணம். மழை பொய்க்கப்போவதை முன்னரே அறிந்திருந்தால் தானியத்தைச் சேர்த்து வைத்திருக்கலாமே என்னும் வினா அப்போது வலுப்பெற்றது.

பஞ்சத்துக்கு ஓராண்டு முன்னர், 1875-இல், இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். வருங்கால மழையை உரைக்க வழி உண்டோ என அரசாங்கம் அவரை வினவிற்று. அவர் பழைய பதிவுகளைப் புரட்டி, இமயத்தின் வடமேற்குப் பகுதியில் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் விழுந்த வெண்பனியின் அளவையும், அதனை அடுத்து வந்த பருவமழையின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பனி மிகுந்த ஆண்டுகளில் மழை குறைவதாக அவருக்குத் தோன்றிற்று. இக்கருத்தை 1884-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1886 ஜூன் 4-ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. உலகில் இத்தகைய நெடுநாள் முன்னறிவிப்பை முறையாக வெளியிட்ட முன்னோடிகளுள் நம் நாடு ஒன்று என்பது பெருமைக்குரியது. அப்பெருமைக்கு அடிக்கல்லாக அமைந்தது இமயத்தின் வெண்பனி.

இவ்வுறவின் காரணம் யாதெனில், வெண்பனி தன்மீது விழும் கதிரொளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலும், உருகிய நீரால் நனைந்த மண்ணை உலர்த்துவதிலும் செலவாகிவிடும். ஆதலின் நிலம் சூடேறுவது தாமதமாகும். நிலம் சூடேறிக் கடலைவிட வெப்பம் மிகுந்தாலன்றிப் பருவக்காற்று வலிவுடன் உள்ளே வாராது. இதனை அடுப்பின் மேல் ஈரவிறகை வைத்ததற்கு ஒப்பிடலாம். எரிய வேண்டிய நெருப்பின் ஒரு பகுதி ஈரத்தை உலர்த்துவதிலேயே கழிந்துவிடுகின்றது.

எனினும் இயற்கை ஒரு கயிற்றில் மட்டும் கட்டுண்டதன்று. பிளான்போர்டுக்குப் பின் பொறுப்பேற்ற சர் ஜான் எலியட், பனியோடு வேறு பல குறிகளையும் சேர்த்து விரிவான முன்னறிவிப்புகளை வெளியிட்டார். 1899-இல் மழை நன்றாகப் பெய்யும் என்று அவர் உரைத்தது பொய்த்துப் பெரும் வறட்சி வந்தது. 1904-இல் அப்பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. அவர் சொல்லழகை விடுத்துக் கணக்கை நம்பினார். உலகின் பல இடத்து எண்களைத் திரட்டிப் பனியையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவ்வாராய்ச்சியே பசிபிக் கடலுக்கும் இந்தியக் கடலுக்கும் இடையே காற்றழுத்தம் தராசுத் தட்டுப்போல் ஏறி இறங்கும் உண்மையை உலகுக்குக் காட்டிற்று. 1976-இல் உத்தரப் பிரதேசத்துப் பாலியா மாவட்டத்தில் பிறந்த அறிஞர் சுக்லாவும் ஹான் என்பவரும் செயற்கைக்கோள் படங்களின் துணையால், ஐரோப்பிய ஆசிய நிலப்பரப்பின் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள எதிர்மறை உறவை மீண்டும் ஆராய்ந்து கூறினர். 1988-இல் வசந்த் கோவாரிகர் தலைமையில் உருவான பதினாறு குறிகள் கொண்ட முறையிலும் இமயப் பனி இடம் பெற்றது. இன்றைய முறைகள் வேறு; பனியின் உறவு எல்லா ஆண்டும் ஒன்றுபோல் வலுவாக இருப்பதில்லை என்பதும் தெளிந்துள்ளது. ஆயினும் பிளான்போர்டு எழுப்பிய வினா இன்னும் ஆராய்ச்சியாளரை விட்டபாடில்லை.

பனி வரும் வழி

பனியைக்கொண்டு மழையை அறிய முயன்ற வரலாறு இது. இனிப் பனியையே முன்னறிவது எங்ஙனம் என்பதைக் காண்போம். நமக்குப் பழக்கமான பருவக்காற்று தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது. காஷ்மீரத்துக்கு வெண்பனி கொணரும் காற்றோ நேர் மேற்கிலிருந்து வருவது. மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், வானில் மிக உயரத்தே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றில் மிதந்து, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து, சில நாட்களில் இமயத்தை வந்து முட்டுகின்றன. மலை தடுப்பதனால் ஈரக்காற்று மேலெழுகின்றது, மேலெழுந்து குளிர்கின்றது, குளிர்ந்து பனியாய் விழுகின்றது. இவற்றை வானிலை அறிஞர் 'மேற்கத்திய இடையூறுகள்' என்பர். குளிர்கால மாதம் ஒன்றில் இவ்வாறு நான்கைந்து வருவது இயல்பு.

இவ்விடையூறுகளும் இந்திய வானிலையும் பற்றி 1956-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று அறிஞரிடையே இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அதனை எழுதிய இருவருள் ஒருவர், பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் பிறந்து, சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற பி. ஆர். பிஷரோட்டி ஆவார். பின்னர்ப் பூனாவில் அமைந்த வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. வெண்பனியே விழாத தென்னாட்டில் பிறந்த ஒருவர், இமயத்துக்குப் பனி கொணரும் காற்றின் போக்கை ஆராய்ந்தார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

குல்மார்க்கின் கதை

இனிக் குல்மார்க்குக்கு வருவோம். ஸ்ரீநகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பீர் பஞ்சால் மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்துக்கு 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம்போல் அமைந்த புல்வெளி அது. முன்னாளில் கௌரிமார்க் என்று வழங்கிய இடத்துக்குப் பதினாறாம் நூற்றாண்டில் யூசுப் ஷா சக் என்னும் மன்னன் 'மலர்ப் புல்வெளி' என்னும் பொருள்படக் குல்மார்க் எனப் பெயரிட்டதாகக் கூறுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் அது கோடை வாசத்துக்குரிய இடமாயிற்று. குளிர்காலத்தில் அங்கே எவரும் தங்குவதில்லை. 1927-இல் ஆங்கிலேயர் சிலர் அங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். அக்காலத்தில் மலையேறுவதற்கு விசை ஊர்தி எதுவும் இல்லை. பலகைகளைச் சுமந்து மணிக்கணக்கில் ஏறிச் சில நிமிடங்களில் சறுக்கி இறங்குவதே விளையாட்டு.

நாடு விடுதலை பெற்றவுடன் காஷ்மீரத்தில் போர் மூண்டது. உயர்மலையில் போரிடுவோர்க்குப் பனியில் இயங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை உணர்ந்த ஜெனரல் திம்மய்யா, 1948 டிசம்பரில் குல்மார்க்கில் படைவீரர்க்கான பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1962-இல் அது உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி என்னும் பெயர் பெற்றது. பொதுமக்களுக்குப் பனிச்சறுக்கும் மலையேற்றமும் கற்பிக்கும் அரசு நிறுவனம் 1960-களின் இறுதியில் அங்கே அமைந்தது. கம்பி வடத்தில் ஓடும் 'கொண்டோலா' ஊர்தியின் முதற்பகுதி 1998-இலும், இரண்டாம் பகுதி 2005-இலும் இயங்கத் தொடங்கின. முதற்பகுதி 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கொங்தூரி வரையிலும், இரண்டாம் பகுதி அபர்வத் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரையிலும் செல்கின்றன. அதன் பின்னரே உலகின் பல நாடுகளிலிருந்தும் சறுக்குவோர் அங்கு வரலாயினர்.

அவர்களை ஈர்ப்பது அங்குள்ள பனியின் தன்மை. உயரமும் குளிரும் மிகுதியாதலின் அபர்வத்தின்மேல் விழும் பனி ஈரமற்று, இலவம் பஞ்சினைப்போல் இலேசாக இருக்கும். அதில் சறுக்குவதைத் தண்ணீரில் மிதப்பதற்கு ஒப்பிடுவர் அனுபவம் உடையோர். அதே பனி, காற்றின் வெப்பம் சிறிது ஏறினாலும் ஈரமாகிக் கால் பலகையைப் பற்றிக்கொள்ளும்; இரவில் உறைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். ஆதலின் 'எத்தனை அங்குலம் பெய்தது' என்பதோடு, 'எத்தகைய பனி பெய்தது' என்பதையும் அவர்கள் ஆர்வத்துடன் கேட்கின்றனர்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

மலையில் முன்னறிவிப்பு என்பது ஒரே சொல்லில் அடங்குவதன்று. மேலே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்குச் சராசரி ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகின்றது. ஆதலின் ஒரே நேரத்தில் ஸ்ரீநகரில் மழையும், குல்மார்க்கில் ஈரப்பனியும், அபர்வத்தின்மேல் உலர்பனியும் பெய்யக்கூடும். கணக்கில் இரண்டு டிகிரி பிழை நேர்ந்தாலும் போதும். குல்மார்க் திடலில் பனி என்று அறிவித்தது மழையாய் விழுந்து, முன்பு கிடந்த பனியையும் கரைத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் மழைநீருக்கு ஈடான ஈரம், புதுப்பனியாக விழுமாயின் ஏறத்தாழப் பத்துச் சென்டிமீட்டர் உயரம் படியும்; மிகக் குளிர்ந்த உலர்பனியாயின் இன்னும் உயரும். இத்தனையையும் கணக்கிட்ட பின்னரே 'இத்தனை அங்குலம்' என்று சொல்ல இயலும்.

இக்காலத்தில் செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டுகின்றது. ஸ்ரீநகரிலுள்ள டாப்ளர் ராடார் அருகே வரும் மழைத்திரளை அளக்கின்றது. பெருங் கணிப்பொறிகள் உலகின் காற்றோட்டத்தையே சமன்பாடுகளாக்கி முன்னே ஓட்டிப் பார்க்கின்றன. இவற்றால் மேற்கத்திய இடையூறு ஒன்று வருவதைச் சில நாட்களுக்கு முன்னரே அறிந்துவிடலாம். ஆனால் குறித்த ஒரு சரிவில் எத்துணைப் பனி விழும் என்பதைச் சொல்வது இன்றும் அரிது. நாள் மிகுந்தோறும் உறுதி குறையும். காற்றின் வேகமும் கணக்கில் சேரும். பாம்பன் பாலத்தில் காற்று வரம்பு மீறினால் வண்டிக்கு வழி தருவதில்லை என்பதை இரயில்வேயில் பணிபுரியும் நாம் நன்கறிவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி வண்டியைக் கடல் கொண்ட துயரத்தை நம் துறை மறக்கவில்லை. கம்பி வட ஊர்தியும் அத்தகையதே. 2017 ஜூன் 25-ஆம் நாள் குல்மார்க்கில் பலத்த காற்றில் மரம் ஒன்று முறிந்து வடத்தின்மேல் விழ, ஊர்தியிலிருந்தவர் எழுவர் உயிரிழந்தனர்.

பனிச்சரிவு என்னும் பகை

சறுக்குவோர்க்கும் மலைவாழ் மக்களுக்கும் படைவீரர்க்கும் பொதுவான பகை ஒன்று உண்டு, அதுவே பனிச்சரிவு. மலைமேல் பனி ஒரே நாளில் படிவதன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காய்ப் படிகின்றது. நெடுநாள் பனி பெய்யாமல் வானம் தெளிந்து கடுங்குளிர் நிலவினால், அடியிலுள்ள பனி தன் பிடிப்பை இழந்து சர்க்கரைப் பரல்போல் உதிரத் தொடங்கும். அதன்மேல் ஒரே இரவில் மூன்றடி புதுப்பனி விழுமாயின், மணல்மேல் எழுப்பிய சுவர் போன்றதாகும். முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த சரிவுகளே பெரிதும் இடர் விளைப்பவை; சறுக்குவோர் விரும்புவதும் அச்சரிவுகளையே. ஒரு மனிதன் ஏறிய பாரமே போதும். மலையின் ஒரு பக்கம் முழுதும் பெயர்ந்து கீழே பாய்ந்துவிடும்.

2005 பிப்ரவரியில் தென்காஷ்மீரத்து வால்தெங்கு என்னும் சிற்றூரைப் பனிச்சரிவு மூடியதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விளையாடச் சென்றவர் அல்லர். தம் வீடுகளில் இருந்த ஏழைக் குடிமக்கள். 2010 பிப்ரவரி 8-ஆம் நாள் குல்மார்க்குக்கு மேலே, பயிற்சியில் இருந்த நம் படைவீரர் பதினெழுவரைப் பனிச்சரிவு பலிகொண்டது. 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் போலந்து நாட்டார் இருவரும், 2024 பிப்ரவரியில் உருசிய நாட்டார் ஒருவரும் உயிரிழந்தனர். ஒவ்வொரு முறையும் மீட்புக்கு முதலில் ஓடியவருள் அவ்வூர் வழிகாட்டிகளும் பனிக்காவலரும் இருந்தனர்.

இப்பகையை அறிந்து எச்சரிக்கும் பொருட்டு 1969-இல் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ்ப் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒன்று மணாலியில் அமைந்தது. உயர்மலைகளில் கருவிகளை நிறுவிப் பனியின் ஆழத்தையும், அடுக்குகளின் வலிமையையும், காற்றையும் குளிரையும் அது அளந்து வந்தது. 2020-இல் அது வேறொரு நிலையத்தோடு இணைந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய நிறுவனமாயிற்று. இன்ன மாவட்டத்தில் இத்துணை மீட்டர் உயரத்துக்கு மேல் இத்தகைய ஆபத்து என்று ஐந்து படிநிலைகளாக எச்சரிக்கை வகுக்கும் வழக்கம் உலகெங்கும் ஏற்பட்டுள்ளது. வானிலைத் துறை 'பனி பெய்யும்' என்று உரைப்பது சறுக்குவோர்க்கு நற்செய்தி. அச்செய்தியே எச்சரிக்கை வகுப்போர்க்கு விழித்திருக்க வேண்டிய இரவு.

பனி பெய்யாத காலம்

மிகுந்த பனி இவ்வாறு அழிவு தருமாயின், பெய்யாத பனி வேறு வகையில் வாட்டுகின்றது. 2024 ஜனவரியில் சில்லை கலானின் பெரும்பகுதி வறண்டு கழிந்தது. வெண்ணிறமாய் இருக்க வேண்டிய குல்மார்க் திடல் காய்ந்த புல்லோடு கிடந்த படங்கள் நாடெங்கும் வெளிவந்தன. மாத இறுதியில்தான் பனி பெய்தது. அடுத்த ஆண்டும், 2025 பிப்ரவரி 22-ஆம் நாள் அங்கே தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் நடைபெற்றன.

இதனால் நட்டப்படுவோர் யாவர்? வெளியூர்ச் செல்வர் தம் பயணத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வர். அவ்வூரில் சறுக்கு வண்டி இழுப்போர், குதிரைக்காரர், பலகை வாடகைக்கு விடுவோர், வழிகாட்டிகள், தேநீர் விற்போர், ஊர்தி ஓட்டுவோர் ஆகியோர் ஆண்டு வருவாயின் பெரும்பகுதியை இம்மூன்று மாதத்தில்தான் ஈட்ட வேண்டும். 2022-இல் பீகிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திச் சென்ற ஆரிப் கான் குல்மார்க் பகுதியில் வளர்ந்தவர்; அவர் தந்தையார் அங்கே பனிச்சறுக்குக் கருவிகளை வைத்துத் தொழில் நடத்தியவர். அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பனி என்பது பள்ளிக்கூடமும் ஆகும், வயிற்றுப்பாடும் ஆகும்.

திடலோடு இத்துன்பம் முடிவதில்லை. பீர் பஞ்சாலின்மேல் குளிர்காலத்தில் சேரும் பனிதான் இளவேனிலில் உருகி ஓடைகளாய் இறங்கி, ஜீலம் ஆற்றில் கலந்து, பள்ளத்தாக்கின் நெல் வயல்களையும் ஆப்பிள் தோட்டங்களையும் நனைக்கின்றது. நம் காவிரிக்கு மேட்டூர் எத்தகையதோ, அவ்வயல்களுக்கு மலைப்பனி அத்தகையது; மதகு ஒன்றே அதற்கு இல்லை, கதிரவன் திறக்கும்போது திறந்துகொள்ளும். மார்ச்சில் பெய்யும் பனி சறுக்குவோர்க்கு ஓரளவு பயன்படலாம். ஆனால் அது நிலையாது உருகிவிடுமாதலின் ஜூன் மாதத்து உழவனுக்கு உதவுவது குறைவு. சில்லை கலானின் நாற்பது நாளை முன்னோர் தனியே எண்ணி வைத்ததன் பொருள் இங்கே விளங்கும்.

பாதையின் நிலையும் இதனோடு தொடர்புடையது. முன்னாளில் பனி பெய்தால் ஜம்முவிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை அடைபட்டு, பள்ளத்தாக்கு நாட்கணக்கில் தனித்துக் கிடக்கும். காய்கறி விலை ஏறும். நோயாளி வெளியேற வழியிராது. 2013-இல் பீர் பஞ்சாலைக் குடைந்து பதினோரு கிலோமீட்டருக்கும் நீண்ட இரயில் சுரங்கம் திறக்கப்பட்டது. 2025 ஜூன் 6-ஆம் நாள், செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தே நிற்கும் பாலம் திறக்கப்பட்டு, கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வண்டி ஓடலாயிற்று. இவ்வண்டிப் பாதைக்கும் முன்னறிவிப்பு இன்றியமையாதது. தண்டவாளத்தின் பனியை அகற்றும் பொறி எந்த இரவில் ஆயத்தமாய் நிற்க வேண்டும் என்பதை அதுவே சொல்ல வேண்டும்.

முன்னறிவிப்பு பொய்த்தால் நகைப்பது எளிது. 1899-இல் எலியட்டையும் இவ்வாறு பழித்தனர். ஆனால் அவர் தவறிய இடத்திலிருந்துதான் வாக்கர் தொடங்கினார். பிளான்போர்டு மலையதிகாரிகள் அனுப்பிய குறிப்புகளைக்கொண்டு தடவித் தடவி அறிந்ததை, இன்று வானிலிருந்தே ஒரு பார்வையில் அளக்கின்றோம். இவ்வளர்ச்சிக்கு இடையே பனியில் நின்று, கோலை ஊன்றி, இன்று இத்தனை என்று ஏட்டில் குறித்து வைத்த எண்ணற்ற பதிவாளர் உண்டு. எவர் பெயரும் வரலாற்றில் இல்லை. ஆயினும் நாள் தவறாது அவர்கள் எழுதிய எண்கள் இல்லையேல், கணிப்பொறிக்கு ஓட்டிப் பார்க்க ஒன்றும் இராது. அலுவலகத்தில் பதிவேடு எழுதி வாழும் நம் போன்றோர்க்கு இஃதோர் ஆறுதலும் அறிவுரையும் ஆகும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். வான் தருவது நம் ஊரில் மழையாகவும், காஷ்மீரத்தில் வெண்பனியாகவும் இறங்குகின்றது. தாது வருஷத்தில் மாண்ட நம் மக்களுக்காகப் பனியை அளக்கத் தொடங்கிய துறையே இன்று குல்மார்க்கின் வழிகாட்டிக்கும், அங்குக் காவல் நிற்கும் படைவீரனுக்கும், ஜீலக் கரை உழவனுக்கும் நாளைய வானத்தை எடுத்துரைக்கின்றது. இனி நாளேட்டில் அச்சிறு செய்தியைக் காணும் நம் சங்கத்து அன்பர்கள், பக்கத்தைப் புரட்டுமுன் ஒருகணம் நின்று அதனைப் படிப்பார்களாக. இந்தக் குளிர்காலத்தில் உரிய நாளில், உரிய அளவில், அம்மலையில் பனி பெய்க!